நான்காம் கேள்வி

நாரின் நகர மருத்துவமனை, மூன்றாம் அறை.
ஜன்னலுக்கு வெளியே பிப்ரவரி.
களிம்பைக் குளிரோடே வயிற்றில் தடவினேன்.
"ஆற்றில் விழுந்த மாதிரி" என்றாள் சாய்கல்.
ஐம்பத்தோரு வயது. நூற்றிருபது ஆடுகள்.
இரண்டு கரண்டிக் கஞ்சிக்கே வயிறு நிறைந்துவிடுகிறதாம்,
வலப்பக்கம் ஒருக்களிக்க முடியவில்லையாம்,
வேறொன்றுமில்லையாம்.

திரையில் அவள் ஈரல்
சாம்பல் நிற மேய்ச்சல் நிலம்.
நடுவே ஒரு ஏரி.
பதினான்கு சென்டிமீட்டர்.
கறுப்பென்றால் அப்படியொரு கறுப்பு,
ஒரு தூசி இல்லை, ஓர் எதிரொலி இல்லை.

எங்கள் பக்கம் ஈரலில் நீர் என்றால்
யாரும் இரண்டாவது காரணம் தேடுவதில்லை.
ஆட்டின் ஈரலைத் தின்ற நாய்,
நாயைத் தடவிய கை,
கை பிய்த்த ரொட்டி.
பள்ளிச் சுவரிலேயே படம் போட்டு வைத்திருக்கிறோம்.
படிவத்தில் அது நான்காம் கேள்வி.
"நாய் உண்டா?" என்றேன்.
"ஆக்-தோஷ்" என்றாள்.
உண்டா என்று கேட்டால் பெயரைச் சொல்கிறாள்.
சிவப்புப் பேனாவால் வட்டமிட்டேன்.

கதவோரம் தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்த ஒரோசாலி
அந்த வட்டத்தைப் பார்த்தான்.

அதற்குப் பிறகுதான் நான் நிதானமாகப் பார்த்தேன்.
உள்ளே குட்டிக் கட்டிகள் இல்லை.
உரிந்து மிதக்கும் தோல் இல்லை.
சுவர், வெங்காயச் சருகைவிட மெல்லிசு.
ஏரிக்குப் பின்னால் வெளிச்சம்
தடையில்லாமல் கொட்டிக் கிடந்தது.
புழு குடியிருக்கும் வீடு பெரும்பாலும் இப்படி இருக்காது.
கருவிலேயே வழி தவறிய ஒரு பித்தக் குழாய்
போக்கிடம் இல்லாமல் ஐம்பது வருடம்
சொட்டுச் சொட்டாய்ச் சேர்த்து வைத்திருக்கிறது,
அவ்வளவுதான்.
அவ்வளவுதான் என்று எழுத அறிக்கையில் இடமில்லை.
ரத்தப் பரிசோதனை தேவை, அதுவரை ஊசி குத்தக் கூடாது
என்று எழுதினேன்.
ஒருவேளை புழுவாக இருந்து, கசிந்தால்,
மேசையிலேயே ஆள் போய்விடலாம்.

ரத்தம் பிஷ்கேக் போய்த் திரும்பப் பதினோரு நாள்.
தோலோன் கணவாயைப் பனி மூடிவிட்டிருந்தது.

தொலைபேசியில் சொன்னேன்:
ஒட்டுண்ணி இல்லை. வெறும் நீர்க்கட்டி.
நாய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.
மறுமுனையில் கெட்டில் கொதிப்பது கேட்டது.
"ஆறாம் நாளே ஏற்றிவிட்டார்
கோச்கோர் போகிற நிலக்கரி லாரியில்.
பின்னங்கால்களை ஊன்றிக்கொண்டு
ஏறமாட்டேன் என்றது."
பிறகு என்னைத் தேற்றுவது போல:
"எனக்கு நல்லதென்றுதான் செய்தார்."

எங்கள் பேச்சில் இரக்கம் என்ற சொல்லுக்குள்
ஈரல் இருக்கிறது.
உடன்பிறந்தவர் என்ற சொல்லுக்குள்ளும்.
அன்று மாலை முழுக்க
என் வலது விலாவின் கீழ் ஏதோ கனத்தது.
படம் எடுத்துப் பார்க்கவில்லை.

மார்ச்சில் அறுவை. நூர்சத் செய்தாள், மூன்று சிறு துளைகள் வழியே.
ஊசியால் உறிஞ்சி விட்டால் மட்டும் போதாது,
சில மாதத்தில் பழையபடி நிறைந்துவிடும்,
உள்தோலுக்குச் சுரக்க மட்டும்தான் தெரியும்.
அதனால் கூரையைப் பிரிப்பது.
கூடாரத்தின் உச்சிக் கம்பளியை விலக்குவது போல
வெளியே துருத்திய பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டால்
ஊறுகிற நீரை வயிறே குடித்துக்கொள்ளும்.
ஏறக்குறைய ஒன்றரை லிட்டர்.
தெளிந்திருந்தது, பித்தக் கறை இல்லை.
கூரைத் துண்டு புட்டியில் மிதந்தது,
ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள்.
அங்கேயும் ஒன்றுமில்லை என்றுதான் வந்தது.

செப்டம்பரில் மறுபடி வந்தாள்.
களிம்பைச் சூடுபண்ணி வைத்திருந்தேன்.
ஏரி இருந்த இடத்தில் ஒரு சிறு மடிப்பு,
தூங்குகிறவரின் இமைக்கோடு மாதிரி.
"இப்போது இரண்டு கிண்ணம்" என்றாள், கேட்காமலே.

புதுப் படிவம்.
நான்காம் கேள்வியில் பேனா நின்றது.
கொக்கியில் தொங்கிய அவளுடைய கறுப்புக் கோட்டின் ஓரத்தில்
நாலைந்து வெள்ளை முடி.
ஆட்டினுடையதாகவும் இருக்கலாம்.
ஐந்துக்குப் போய்விட்டேன்.

அவள் கதவைத் திறக்கும்போது மட்டும்,
மூன்று மாதத்துக்கு ஒருமுறை புழு மாத்திரை, மறக்காதீர்கள் என்றேன்,
யாருக்கென்று சொல்லாமல்.

"போன வாரமே கொடுத்தாயிற்று" என்றாள்.